ஓடும்போது போட்டோ எடுக்குறவங்க இருக்கீங்களா? எனக்கு ஓட்டமும் போச்சு, படமும் போச்சு

மூச்சுவாங்கி:

வணக்கம் மக்களே. திருவான்மியூர்ல இருக்கேன், வயசு 38, சுகர் பார்டர்ல நிக்குதுன்னு டாக்டர் சொன்ன நாள்ல இருந்து ஓடுறேன், ஒன்றரை வருஷம் ஆச்சு. வாரத்துல நாலு நாள், காலையில அஞ்சேகாலுக்கு கிளம்பி திருவான்மியூர் பீச் பக்கமிருந்து எலியட்ஸ் பீச், ஷ்மிட் மண்டபம் தாண்டி ஊரூர் குப்பம் வரைக்கும் போய் திரும்புவேன், 8 கிலோமீட்டர் கிட்ட வரும்.

பிரச்சனை என்னன்னா அந்த நேரத்துல கண்ணுல படுறதெல்லாம் படமாவே படுது. ஈர மணல்ல வளைக்குள்ள ஓடுற நண்டு, டார்ச் அடிச்சுக்கிட்டு வலையில இருந்து மீனை பிரிக்குற ஆளுங்க, டிவிஎஸ் 50-ல ரெண்டு பக்கமும் கேன் தொங்க வர்ற பால்காரர், பீச் ரோட்டுல ஒரு தாத்தா தினமும் அதே பெஞ்சுல அதே பேப்பரோட, இதெல்லாம் வீட்ல வந்து வாயால சொன்னா என் பொண்டாட்டி கேக்குறா, ஆனா ஒரு மாதிரி பாவப்பட்டு கேக்குறா. சரி போட்டோ எடுத்து காட்டுவோம்னு போனை எடுத்துட்டு போக ஆரம்பிச்சேன். வந்த படமெல்லாம் கலங்கல். நண்டு ஒரு கோடு, பால்காரர் ஒரு கோடு, தாத்தா மட்டும்தான் அசையாம இருந்ததால தாத்தான்னு தெரியுது. கிலோமீட்டருக்கு 6 நிமிஷம் 40 செகண்ட்னு இருந்த பேஸ் (ஓட்ட வேகம்) எட்டு நிமிஷத்துக்கு போயிடுச்சு. "நீ ஓடப் போறியா ஊர் சுத்தப் போறியா"ன்னு வீட்ல கேக்குறாங்க, பதில் இல்ல.

இன்னொன்னும் இருக்கு, அதுதான் உறுத்துது. போன வாரம் குப்பத்துகிட்ட நெத்திலி காயப்போட்டுட்டு இருந்த ஒரு அம்மாவை ஓடிக்கிட்டே கிளிக் பண்ணேன், அவங்க பட்டுன்னு மூஞ்சிய திருப்பிக்கிட்டாங்க. நான் நிக்காம ஓடிட்டேன். அதுக்கப்புறம் அந்த இடம் வந்தாலே வேகமா போறேன், பேஸ் நல்லா வருது, அது வேற விஷயம்.

நல்ல கேமரா வாங்கணுமா? நின்னு எடுக்கணுமா, ஓடிக்கிட்டே எடுக்க வழி இருக்கா? ஆளுங்களை எடுக்குறத எப்படி பண்றீங்க?

ஐஎஸ்ஓமாமா:

தம்பி, கேமரா வாங்காதீங்க. இத ரெண்டு தடவை வாங்குனவன் சொல்றேன்.

மொதல்ல கணக்கு பாருங்க. 6:40 பேஸ்னா செகண்டுக்கு ரெண்டரை மீட்டர் போறீங்க. விடியறதுக்கு முன்னாடி இருக்குற வெளிச்சத்துல போன் தானாவே 1/30 செகண்ட் மாதிரி ஷட்டரை திறந்து வைக்கும், அந்த நேரத்துல நீங்க 8 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பீங்க. இதுல கை ஆட்டம், மூச்சு ஆட்டம் எல்லாம் தனி. நைட் மோடு ஆன் ஆச்சுன்னா ஒரு செகண்ட் ரெண்டு செகண்ட்னு இழுக்கும், அப்ப நீங்க அடுத்த தெருவுக்கே போயிடுவீங்க. எந்த ஊர் கேமரா வாங்குனாலும் இந்த கணக்கு பெருசா மாறாது. அதனால நில்லுங்க. நின்ன உடனே எடுக்காதீங்க, நெஞ்சு படபடன்னு அடிக்கும்போது போனும் சேர்ந்து ஆடும். நாலு மூச்சு விடுங்க, முழங்கைய விலாவோட ஒட்டிக்கோங்க, மூச்சை வெளிய விட்டு முடிக்குற இடத்துல அமுக்குங்க. லைட் கம்பம், படகு ஓரம் ஏதாவது கிடைச்சா போனை அதுல சாச்சுக்கோங்க. வியர்வை விரலுக்கு ஸ்கிரீன் கேக்காது, வால்யூம் பட்டன்ல எடுங்க.

அடுத்தது லென்ஸ். முக்கால்வாசி கலங்கலுக்கு காரணம் வியர்வையும் உப்புக்காத்தும் லென்ஸ் மேல பூசுற படலம்தான், தெரு விளக்கெல்லாம் பூதம் மாதிரி பரவி வருதுன்னா அதுதான். டீ-சர்ட்ல தொடைக்காதீங்க, அது உங்களைவிட நனைஞ்சிருக்கும். ஒரு சின்ன துணிய ஜிப் கவர்ல போட்டு பெல்ட்ல வைங்க. ஏசி ரூம்ல தூங்குறீங்கன்னா போனை ராத்திரியே ஹால்ல வச்சிடுங்க, மே ஜூன்ல சில்லுனு இருக்குற போனை நம்ம ஊர் புழுக்கத்துக்கு கொண்டுவந்தா லென்ஸ்ல பனி பிடிச்சு பத்து நிமிஷம் ஒண்ணும் தெரியாது.

வெளிச்சம். எல்லாரும் சூரியனையே எடுக்குறாங்க. நம்ம கடல் கிழக்கால இருக்கு, காலையில கடலை பாத்து எடுத்தா எதிர்ல நிக்குறவன் எல்லாம் கறுப்பு பொம்மையாதான் வருவான். சூரியன் வந்த உடனே கடலுக்கு முதுகை காட்டுங்க. மஞ்ச வெளிச்சம் அப்படியே படகு மேல, குப்பத்து சுவர் மேல, மூஞ்சி மேல விழும், அந்த பத்து பதினஞ்சு நிமிஷம் எந்த போனும் நல்ல போன்தான். ஏழரைக்கு மேல போனை உள்ள வச்சிட்டு ஓடுங்க.

கேமராவுக்கு வர்றேன். ரிக்கோ ஜிஆர் 3 வாங்குனேன், 257 கிராம்தான், படம் அருமை, ஆனா தண்ணிக்கும் தூசிக்கும் காப்பு கிடையாது, கடற்கரைக்கு எடுத்துட்டு போனா மனசு பூரா அது மேலதான் இருக்கும். அப்புறம் ஒலிம்பஸ் டிஜி-6, 15 மீட்டர் ஆழம் வரைக்கும் தண்ணிக்குள்ள போகும், ஆனா விடிகாலை இருட்டுல என் போன் அதைவிட நல்லா எடுத்துச்சு. ரெண்டுமே இடுப்புல குதிக்கும். இப்ப பழைய போன்தான்.

இன்னொன்னு, போன்ல தண்ணி புகாதுன்னு ஐபி68 தரக்குறி போட்டிருக்குன்னு அலையில நனைக்காதீங்க. அந்த சோதனை எல்லாம் நல்ல தண்ணியில பண்றது, உப்புத்தண்ணிக்கும் வியர்வைக்கும் இல்ல. எனக்கு ஒரு போன் சார்ஜ் ஓட்டை துரு பிடிச்சு செத்துச்சு, சர்வீஸ் சென்டர்ல ஒரு பையன் டார்ச் அடிச்சு பாத்துட்டு சிரிச்சான், அவ்ளோதான் வாரண்டி.

கோவைகுளம்:

மாமா சொன்னதெல்லாம் சரிங்க, ஆனா ஓட்டத்தை பத்தி யாருமே பேசல பாருங்க. நான் சிங்காநல்லூர் குளத்தை சுத்தி ஓடுறவனுங்க, எனக்கும் இதே கதைதான். நாமக்கோழி, நீர்க்காகம், நாணல்ல தொங்குற தூக்கணாங்குருவி கூடு, எல்லாத்தையும் எடுக்கணும்னு நின்னு நின்னு ஒரு வருஷத்துல என் டைம் ஒரு நிமிஷம்கூட குறையலைங்க. ஒரு நாள் எங்க குரூப்ல ஒரு பெரியவர் சொன்னார், கண்ணு, நீ நிக்குறத பத்தி கவலைப்படாத, எப்ப நிக்கணும்னு முடிவு பண்ணிக்கோன்னு.

ரன்-வாக் முறை கேள்விப்பட்டிருப்பீங்க. 1972 ஒலிம்பிக்ல 10,000 மீட்டர் ஓடுன அமெரிக்காக்காரர் ஜெஃப் கேலவே பரப்புனது, அஞ்சு நிமிஷம் ஓட்டம் ஒரு நிமிஷம் நடை, இல்ல உங்களுக்கு தோதான கணக்கு, களைச்சு போறதுக்கு முன்னாடியே நடந்துக்கறதுதான் அதுல சூட்சுமம். ஞாயித்துக்கிழமை லாங் ரன்ல நான் அந்த ஒரு நிமிஷத்தை படத்துக்கு வச்சிருக்கேங்க. வாட்ச் பீப் அடிச்சா போன் வெளிய, திரும்ப பீப் அடிச்சா உள்ள. நடுவுல மயிலே வந்து ஆடினாலும் எடுக்கறதில்லைங்க. செவ்வாய் வியாழன் வேகமா ஓடுற நாள்ல போன் வீட்டுலயே இருக்கும். வேகமா ஓடிட்டு சடார்னு நின்னு குனிஞ்சு நண்டை எடுத்தீங்கன்னா தலை சுத்தும், அனுபவம்.

நீங்க நின்னா வாட்ச் கணக்கும் தானா நிக்குற ஆட்டோ பாஸ் போட்டுக்கோங்க, ஸ்ட்ராவா (ஓட்டத்தை பதிஞ்சு மத்தவங்களோட பகிர்ற ஆப்) நகர்ற நேரத்தை வச்சு பேஸ் காட்டும், வீட்ல காட்ட நல்லா இருக்கும். ரேஸ்ல அது செல்லாதுங்க, அங்க மொத்த நேரம்தான்.

பறவைக்கு மட்டும் போன் ஆகாது. எவ்ளோ பக்கத்துல தெரிஞ்சாலும் படத்துல புள்ளிதான். படகு படம் வேணும்னா மீன்பிடி தடைக்காலத்துல போங்க, போட்டெல்லாம் சும்மா நிக்கும், யாருக்கும் தொந்தரவு இல்ல.

அஞ்சரைமணி:

நான் அடையாறு, அதே ரூட்தான் ஓடுறேன், பொண்ணு. ரெண்டு விஷயம் மட்டும்.

ஒண்ணு, நின்னு எடுங்கன்னு எல்லாரும் ஈசியா சொல்றீங்க. இருட்டுல எங்க நிக்கலாம் எங்க நிக்கக்கூடாதுன்னு எனக்கு ஒரு வரைபடமே மனசுல இருக்கு, நான் டீக்கடை வெளிச்சத்துலயும் வாக்கிங் கூட்டம் இருக்குற இடத்துலயும்தான் நிப்பேன். அடையாறு கடல்ல சேர்ற இடத்துல இருக்குற உடைஞ்ச பாலம் பக்கம் விடியாம தனியா போகமாட்டேன், ஆம்பளைங்களும் போகாதீங்க, 1977-ல இடிஞ்சது அப்படியே நிக்குது, விளிம்புல ஒண்ணும் கிடையாது. அங்க முகத்துவாரத்துல ஜனவரி மாசம் கடற்காகமும் ஆலாவும் கும்பலா உக்காந்திருக்கும்போது பாக்க அழகுதான், நல்லா விடிஞ்சப்புறம் நாலு பேரோட போங்க.

ரெண்டாவது, எடுத்ததை எங்க போடுறீங்கங்கறது. நான் மார்கழி முழுக்க கோலம் எடுத்து அன்னன்னைக்கே ஸ்ட்ராவால போட்டேன். ஒரு நாள் தெரியாத ஒருத்தர் கமென்ட், "இன்னைக்கு அஞ்சு நிமிஷம் லேட் போல"ன்னு. வயித்துல ஏதோ பண்ணுச்சு. 2018 ஜனவரியில, எல்லாரும் ஓடுன பாதையையும் சேர்த்து காட்டுற ஸ்ட்ராவா ஹீட்மேப்ல ராணுவ முகாமெல்லாம் வெளிய தெரிஞ்சு உலகமே பேசுச்சு, நாம மட்டும் தினமும் வீட்டு வாசல்ல இருந்து கோடு போட்டு காட்டிட்டு இருக்கோம். இப்ப ஆரம்பமும் முடிவும் மறைச்சு வச்சிருக்கேன், படத்துல லொகேஷன் ஆஃப், போடுறது ரெண்டு நாள் கழிச்சு.

இதே கணக்கு ஆமைக்கும் உண்டு. ஜனவரியில இருந்து மார்ச் ஏப்ரல் வரைக்கும் நம்ம கரையில பங்குனி ஆமை முட்டை போட வரும், விடிகாலையில ஓடுறவங்க கண்ணுலதான் அந்த தடம் மொதல்ல படும், கடல்ல இருந்து மேல ஏறி திரும்ப இறங்குன மாதிரி, சின்ன டிராக்டர் டயர் ஓட்டுன மாதிரி இருக்கும். அத படம் எடுத்து இடத்தோட போடாதீங்க. 1988-ல இருந்து மாணவர்கள் ராத்திரி பூரா நடந்து அந்த முட்டைங்களை எடுத்து பாதுகாக்குறாங்க, பக்கத்துல யாராவது தன்னார்வலர் இருந்தா சொல்லுங்க. குஞ்சு வெளிய வர்ற நேரம் ஃப்ளாஷ், டார்ச் எதுவும் வேண்டாம், வெளிச்சத்தை பாத்து கடலுக்கு போகாம ரோட்டுக்கு வந்துடும். 2025 ஜனவரியில செத்த ஆமைங்க வரிசையா ஒதுங்கிக் கிடந்தப்ப நானும் ஓடுனேன். ஒரே ஒரு படம் எடுத்தேன், யாருக்கும் காட்டல.

கோலம் எடுக்குறது ரொம்ப சுலபம் அண்ணா, கேட்டாலே போதும். "அக்கா ஒரு போட்டோ"ன்னு கேட்டா முக்கால்வாசி பேர் "இரும்மா, கலர் இன்னும் போடல"ன்னு நிக்க வச்சுடுவாங்க, அன்னைக்கு உங்க பேஸ் காலி.

குப்பத்துக்காரன்:

நான் இங்க எழுதறதே இல்ல, படிக்கறதோட சரி. ஊரூர் குப்பம் நம்ம ஊரு, அப்பா தொழிலுக்கு போறாரு, நான் ஆபீஸ் போறேன், ஞாயித்துக்கிழமை அப்பாவோட போவேன். தப்பா எடுத்துக்காதீங்க, சொல்லணும்னு தோணுச்சு.

அந்த அம்மா யாருன்னு எனக்கு தெரிஞ்சிருக்கும், நெத்திலி காயப்போடுறது அந்தாண்ட நாலஞ்சு பேருதான். மூஞ்சிய திருப்பிக்கிட்டது கோவத்துல இருக்காது, எழுந்த உடனே தலை வாராம நைட்டி மேல துண்டை போட்டு வந்து நிக்குறவங்கள எவனோ ஓடிக்கிட்டே எடுத்துட்டு போனா நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? உங்க வீட்டு அம்மா கோலம் போடும்போது ஒருத்தன் பைக்ல போய்க்கிட்டே எடுத்தா சும்மா இருப்பீங்களா? அதுவும் நிக்காம ஓடிட்டீங்க பாருங்க, அதான் தப்பு. நின்னு ஒரு சிரிப்பு சிரிச்சிருந்தா முடிஞ்சிருக்கும்.

போட்டு கரை ஏறும்போது கேமராவ நீட்டாதீங்க. ராத்திரி மூணு மணிக்கு போனவன் திரும்பி வந்து இறங்குறான், பாடு (மீன் வரத்து) இல்லன்னா டீசல் காசுக்கே அடி, அந்த நேரத்துல "அண்ணா இந்தப் பக்கம் பாருங்க"ன்னா வாயில வர்றத வாங்கிக் கட்டிக்கணும். போட்டை தள்ள ஒரு கை குடுங்க, அப்புறம் பேசுங்க. வித்து முடிச்சு வலைய விரிச்சு கிழிசல் தைக்கும்போது எல்லாரும் நிதானமா இருப்பாங்க, கதை சொல்லுவாங்க, எட்டு எட்டரை ஆகும். ஓடுறவங்க யாரும் அந்த நேரத்துக்கு இருக்கறதில்ல. வலை மேல ஷூ காலோட ஏறாதீங்க, இத எத்தனை தடவை சொல்றது, நல்லா சுத்தி போக இடம் இருக்கு.

கரையில விடியறதுக்கு முன்னாடி ஒதுங்கி உக்காந்திருக்கவங்களும் இருப்பாங்க. அந்தப் பக்கம் போனை திருப்பாதீங்க. இதுக்கு மேல விளக்கமா சொல்ல வேண்டாம்.

கோவை அண்ணனுக்கு ஒண்ணு. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடை, அது காசிமேட்டு விசைப்படகுக்கு. நம்மாண்ட ஃபைபர் போட்டு, கட்டுமரம் எல்லாம் அப்பவும் போகும். சும்மா நிக்குதுன்னு நெனச்சு வந்தீங்கன்னா நல்ல வியாபாரம் நடக்கும்போது வந்து நிப்பீங்க. வாடைக்காத்து அடிக்குற நாள்ல, புயல் சின்னம்னு கொடி ஏத்துன நாள்ல வாங்க, அப்பதான் சும்மா நிக்கும். மிக்ஜாம் புயல் வந்தப்ப, 2023 டிசம்பர், போட்டெல்லாம் ரோட்டாண்ட ஏத்தி கட்டுனோம், அப்ப ஒருத்தனும் படம் எடுக்க வரல.

எடுத்த படத்தை பிரிண்ட் போட்டு குடுங்க. வாட்ஸப் வேணாம், பிரிண்ட். என் பாட்டி படம்னு எங்க வீட்ல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, அதுவும் ரேஷன் கார்டுல இருந்து எடுத்து பெருசு பண்ணது. எத்தனையோ கேமரா அவங்க முன்னாடி வந்து போயிருக்கு.

மூச்சுவாங்கி:

குப்பத்துக்காரன் தம்பி, ரொம்ப நேரம் உங்க பதிலையே பாத்துட்டு இருந்தேன். சரிதான். நிக்காம ஓடுனதுதான் தப்பு, எழுதும்போதே எனக்கு தெரிஞ்சிருந்தது போல, அதான் கேமரா கேள்வியோட கலந்து கேட்டிருக்கேன்.

மாமா, லென்ஸ் விஷயம் உண்மை. இன்னைக்கு துணியோட போனேன், தெரு விளக்கு தெரு விளக்காவே வந்துச்சு.

ஐஎஸ்ஓமாமா:

தம்பி நல்லது. இன்னொரு யோசனை, நான் மூணு வருஷமா பண்றது. தினமும் பத்து இடத்துல நிக்காம ஒரே ஒரு இடம் வச்சுக்கோங்க. எனக்கு ஷ்மிட் மண்டபத்துக்கு எதிர்ல ஒரு கல். 1930-ல கடல்ல மூழ்குனவங்கள காப்பாத்த போய் செத்துப்போன டென்மார்க்காரர் நினைவா கட்டுன மண்டபம் அது, அதை படம் எடுக்காத ஆளே கிடையாது, ஆனா தினமும் ஒரே கல்லுல நின்னு எடுத்தா அது வேற. சூரியன் ஜூன்ல வடகிழக்கால வரும், டிசம்பர்ல தென்கிழக்கால, இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் 48 டிகிரி கிட்ட வித்தியாசம். வருஷம் பூரா எடுத்து வரிசையா வச்சு பாத்தா சூரியன் கடல் மேல நடந்துட்டு போறது தெரியும். மழைக்காலத்துல கரை உள்ள வந்திருக்கும், கோடையில வெளிய போயிருக்கும். நாய் குட்டி போட்டது, குட்டி வளர்ந்தது எல்லாம் அதுல இருக்கு. நேரம் இருபது செகண்ட்தான் ஆகுது, கோவைக்காரர்கூட திட்ட முடியாது.

கோவைகுளம்:

இருபது செகண்டுன்னு சொல்லிட்டு நீங்க ரெண்டு நிமிஷம் நிப்பீங்கன்னு எனக்கு தெரியுங்க மாமா. தடைக்காலம் பத்தி சொன்னதுக்கு நன்றி தம்பி, மலைப்பக்கத்துக்காரன், கடல் தெரியாது.

அஞ்சரைமணி:

மாமா அந்த கல்லுல உக்காந்திருக்க ஆள் நீங்களா? பச்சை தொப்பி? ஒரு வருஷமா உங்க படத்துல பின்னாடி நான் ஓடிட்டு இருக்கேன் போல.

ஐஎஸ்ஓமாமா:

தொப்பி பச்சைதான். தேடிப் பாக்குறேன் மா, இருந்தா அனுப்புறேன், போடமாட்டேன்.

மூச்சுவாங்கி:

மூணு வாரம் கழிச்சு அப்டேட். அந்த அம்மாகிட்ட போய் நின்னேன், அன்னைக்கு ஓடிட்டே எடுத்தது நான்தான், மன்னிச்சுக்கோங்கன்னு சொன்னேன். அவங்களுக்கு ஞாபகமே இல்ல, இல்லன்னா ஞாபகம் இல்லாத மாதிரி சொன்னாங்க. அந்த கலங்கல் படத்தை போன்ல காட்டி அழிச்சுடட்டுமான்னு கேட்டேன், வாங்கி பாத்துட்டு "இதுல நான் எங்க இருக்கேன்"னாங்க. அப்புறம் அவங்களே மீனை பரப்பிக்கிட்டு எடுத்துக்கோன்னு நின்னாங்க, மாமா சொன்ன மாதிரி கடலுக்கு முதுகு காட்டி, மஞ்ச வெளிச்சத்துல எடுத்தேன். பிரிண்ட் போட்டு அடுத்த ஞாயிறு கொண்டுபோய் குடுத்தேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, "இந்த மூஞ்சிக்கா அஞ்சு மணிக்கு எழுந்து வந்த"ன்னு கேட்டாங்க.

இப்ப அவங்க ஆர்டர் என்னன்னா, வர்ற சனிக்கிழமை கோயில் போக புடவை கட்டுவாங்களாம், பேத்தியோட சேர்த்து ஒண்ணு எடுத்து பெருசா போட்டு குடுக்கணுமாம், காசு வாங்கிக்கணுமாம். சனிக்கிழமை எனக்கு ரெஸ்ட் டே. வீட்ல சொன்னேன், நானும் வரேன்னு சொல்லியிருக்கா. ஓட்டம் கிடையாது, செருப்போட போறோம்.

குப்பத்துக்காரன்:

எட்டு மணிக்கு வாங்க அண்ணா, அண்ணியையும் கூட்டிட்டு. நானும் இருப்பேன். செருப்பும் வலை மேல கூடாது.

ஐஎஸ்ஓமாமா:

லென்ஸை தொடச்சுட்டு போங்க.